துக்கச் செய்தியை எப்படிச் சொல்வது?

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர் இறந்துவிட்டார், அல்லது எண்ணூரில் வேலைக்குப் போனவர் விபத்தில் மறைந்துவிட்டார் என்றால், அதை வீட்டாரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். பங்குத்தந்தையோ அன்பியப் பொறுப்பாளரோ போகிறார். நம்மில் பலரும் ஒரு நாள் அப்படிப் போக வேண்டியிருக்கும்.

அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "அண்ணனுக்குக் கொஞ்சம் முடியலக்கா, ஸ்டான்லிக்கு வாங்க" என்கிறோம். 2013-இல் தந்தி சேவை நிற்கும்வரை, இறந்தவரைக்கூட "சீரியஸ்" என்றே தந்தி அடித்தோம். வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வருபவர், தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அவர் தாங்கமாட்டார் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், அந்த முகத்தைப் பார்க்க முடியாதவர்கள் நாம்தான்.

தான் காரணமில்லாத கெட்ட செய்தியையும் சொல்ல மனிதர் தயங்குவதை, அமெரிக்க உளவியலாளர்கள் ரோசனும் டெசரும் 1970-இல் ஆய்வு செய்து காட்டினர். விவிலியத்திலும் இதைக் காண்கிறோம் (2 சாமுவேல் 18). அப்சலோம் இறந்ததை அறிந்திருந்தும், தாவீது கேட்டபோது அகிமாசு ஏதோ குழப்பத்தைக் கண்டதாகச் சொல்லி மழுப்புகிறார். பின்னால் வந்த கூசியனோ மகனின் சாவை வெற்றிச் செய்தியாகவே சொல்கிறார். தந்தையின் மனத்தை இருவரும் நினைக்கவில்லை.

புற்றுநோய் மருத்துவர்களுக்காக பெய்ல், பக்மன் முதலியோர் 2000-இல் ஆறு படிகள் கொண்ட ஒரு வழிமுறையை வெளியிட்டனர். அதிலிருந்து நமக்குச் சில உதவும். வாசலில் நின்று சொல்லாமல் உள்ளே போய் உட்கார வேண்டும். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். "துயரமான செய்தியோடு வந்திருக்கிறோம்" என்று ஒரு வாக்கியம். அடுத்து, "இறந்துவிட்டார்" என்று தெளிவாகவே. "பெரிய அடி" என்றால் பிழைப்பார் என்றே கேட்பவர் மனம் எடுத்துக்கொள்ளும். பிறகு பேசாமல் கூட இருக்க வேண்டும். "கடவுள் சித்தம்" என்பதையும் அந்நேரம் சொல்லாதிருப்பது நல்லது.

ஆனால் உடல் கிடைக்காதபோது? 2017 ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் பலர் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் "இறந்துவிட்டார்" என்றும் சொல்ல முடியாது, "வந்துவிடுவார்" என்றும் சொல்லக்கூடாது. தெரிந்தது இது, தெரியாதது இது, மாலை ஆறு மணிக்கு மறுபடி வருகிறோம் என்று சொல்லலாம். புதுச் செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மணிக்குப் போய்விட வேண்டும்.