'டிக், டிக்' சத்தம் சொல்வது என்ன?

உங்கள் வீட்டில் பழைய மொறிஸ் மைனர் கார் இருக்கிறதா? சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது எஸ்.யூ. மின்சாரப் பெற்றோல் பம்பின் சத்தம். அதற்காகப் பயப்பட வேண்டாம். கவனித்துக் கேட்கப் பழகுங்கள்.

பம்பினுள் உள்ள மின்காந்தம் மெல்லிய சவ்வொன்றை இழுக்கும். பெற்றோல் உள்ளே வரும். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட, ஸ்பிரிங் அந்தச் சவ்வைத் திரும்பத் தள்ளும்; பெற்றோல் காபரேட்டருக்குப் போகும். காபரேட்டர் நிரம்பியதும் அங்குள்ள ஊசி வால்வு வழியை அடைக்கும். சத்தமும் ஓய்ந்துவிடும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். சில விநாடிகளில் சத்தம் ஓயவில்லையா? முதலில் காபரேட்டரைப் பாருங்கள். பெற்றோல் வழிந்தால் உடனே சாவியை மூடுங்கள். ஊசி வால்வில் அழுக்கோ தேய்வோ இருக்கலாம். மிதவை ஓட்டையாகியும் இருக்கலாம். காபரேட்டருக்குக் கீழேதான் எஞ்சினின் புகைக்குழாய் செல்கிறது. அது சூடாக இருக்கும்போது பெற்றோல் சொட்டினால் தீப்பிடிக்கலாம்!

வழியாமலே பம்ப் படபடவென்று அடித்தால், தாங்கியில் பெற்றோல் இல்லை. அல்லது தாங்கியிலிருந்து வரும் குழாயில் காற்று நுழைகிறது. விட்டு விட்டு மெதுவாக அடித்தால், பம்பின் வால்வு பெற்றோலைப் பின்னோக்கி விடுகிறது. சத்தமே இல்லாவிட்டால், தொடுமுனைகள் கருகியிருக்கலாம். பம்பைத் தட்டினால் வேலை செய்யக்கூடும். ஆனால் அது பரிகாரமல்ல.

பெற்றோல் மணம் வீசினால், பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பிறகு போனட்டைத் திறவுங்கள். பக்கத்தில் சிகரெட்டோ விளக்கோ வேண்டவே வேண்டாம்.