சிறுவர்களுக்கான கதைவழிச் சிகிச்சை

கதைவழிச் சிகிச்சை என்பது, சிறுவர்கள் தங்கள் அச்சம், துயரம், கோபம், தனிமை போன்ற உணர்வுகளை அறிந்துகொள்ளவும் வெளிப்படுத்தவும் கதையைக் கருவியாகக் கொள்ளும் மனநல உதவி முறை ஆகும். கதை கேட்டல், கதை சொல்லல், கதையை நடித்தல், தன் வாழ்வையே கதையாக வரிசைப்படுத்தல் ஆகிய நான்கும் இதில் இடம்பெறும். ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடிய எளிய பகுதியும், பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர் மட்டுமே செய்யவேண்டிய பகுதியும் இதில் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது.

நாட்டார் மரபில்

துயரத்தைச் சொல்லித் தீர்க்கவேண்டும் என்ற அறிவு தமிழ் நாட்டார் கதைகளிலேயே உள்ளது. ஏ. கே. இராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டார் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை இடம்பெற்றுள்ளது. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத ஓர் ஏழை விதவையின் உடல் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகிறது. ஒருநாள் அவள் பாழடைந்த வீடொன்றுக்குள் சென்று, ஒவ்வொரு சுவரிடமும் ஒருவரைப் பற்றிய குறையைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர்கள் ஒவ்வொன்றாக இடிந்து விழ, அவள் உடலும் மனமும் இலேசாகின்றன.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரம் இத்தகைய கதைகள் செழித்த நிலமாகும். இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் (மறைவு: 2021) இவ்வட்டாரக் கதைகளைத் திரட்டினார், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாட்டார் கதை சேகரிப்பில் ஈடுபட்டார். இக்கதைகளில் பல நீதி சொல்வதற்காகவே பிறந்தவை அல்ல. பசி, பொறாமை, மரணம், மாற்றாந்தாய்க் கொடுமை ஆகியவற்றை அவை மறைக்காமல் பேசுகின்றன. குழந்தை தன் மனத்தில் உள்ளதைக் கதையில் கண்டுகொள்வதற்கு இந்த வெளிப்படைத்தன்மையே துணைசெய்கிறது.

செயல்படும் விதம்

கதை குழந்தைக்கு மூன்று வகையில் உதவுகிறது.

முதலாவது, இடைவெளி. "உனக்கு என்ன கவலை?" என்று கேட்டால் பல குழந்தைகள் வாய் திறப்பதில்லை. கதையில் வரும் முயலின் கவலையைக் கேட்டால் தயக்கமின்றிப் பேசுவார்கள். இரண்டாவது, பெயரிடல். வயிற்றுவலி, தூக்கமின்மை, முரட்டுத்தனம் என்று வெளிப்படும் ஒன்றுக்குப் பயம், ஏக்கம், பொறாமை என்ற சொற்கள் கிடைக்கின்றன. மூன்றாவது, வரிசை. கொடிய நிகழ்வுகள் மனத்தில் துண்டு துண்டாகத் தங்கித் திடீரென்று மேலெழும்பும். அவற்றுக்கு முன், பின் என்ற ஒழுங்கு அமையும்போது "அது முடிந்துபோன நிகழ்வு" என்ற உணர்வு பிறக்கிறது.

முக்கிய முறைகள்

பரிமாற்றக் கதைமுறை: அமெரிக்க உளமருத்துவர் ரிச்சர்டு கார்ட்னர் 1971-இல் வெளியான நூலில் இதனை விளக்கினார். முதலில் குழந்தை ஒரு கதை சொல்லும். பின்னர் மருத்துவர் அதே பாத்திரங்கள், அதே சூழலைக் கொண்டு, சிக்கலுக்கு நலமான தீர்வு கொண்ட வேறொரு கதையைச் சொல்வார்.

சிக்கலைப் புறத்தே நிறுத்தல்: ஆத்திரேலியாவின் மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய முறையின் ஒரு பகுதி இது. "இவன் பயந்தாங்கொள்ளி" என்பதற்குப் பதில், "இந்தப் பயம் எப்போதெல்லாம் உன்னைத் தேடி வருகிறது? எப்போது நீ அதை விரட்டினாய்?" என்று கேட்கப்படும். இங்கே சிக்கல் வேறு, குழந்தை வேறு.

வாழ்க்கைக் கதைமுறை: போர், பேரிடர் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கானது. தரையில் ஒரு கயிற்றை விரித்து, மகிழ்ச்சியான நிகழ்வுகளுக்குப் பூக்களையும் துயர நிகழ்வுகளுக்குக் கற்களையும் குழந்தை வைக்கும். பின்பு ஆலோசகரின் துணையுடன் தன் கதையைக் கால வரிசையில் சொல்லும். ஆலோசகர் அதை எழுதி, திரும்பப் படித்துக்காட்டுவார்.

ஈழத் தமிழ்ச் சிறுவர்களிடையே

மட்டக்களப்பில் 1996-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் இதன் உருவாக்கத்தில் முன்னின்றனர். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முசுலிம் சிறுவர்கள் அங்கே ஒன்றுகூடிக் கதை, நாடகம், களிமண் வேலை, ஓவியம் ஆகியவற்றில் ஈடுபட்டனர்.

2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 8 முதல் 14 வயது வரையிலான 31 சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதைமுறையும் மற்றொரு குழுவுக்குத் தியானம், தளர்வுப் பயிற்சியும் 6 அமர்வுகளில் அளிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே இவற்றை நடத்தினர். 6 மாதங்களுக்குப் பின் முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தனர். குழுக்கள் சிறியவை என்பதால் கதைமுறையே மேலானது என்று இதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. இரு முறைகளும் பயன்தரக்கூடும் என்று கொள்வதே பொருத்தம்.

பள்ளியிலும் வீட்டிலும்

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் கதையும் பாடலும் இடம்பெற்றன. இது சிகிச்சை அன்று. ஆனால் மாலை நேரத்தில் குழந்தைகள் பேசுவதற்கு ஓர் இடத்தை அமைத்துத் தந்தது.

தூத்துக்குடி மாவட்டத்தின் புதியம்புத்தூர் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பண்டிகைக் காலத்தில் தையல் வேலை கூடும்போது, பெற்றோர் வீடு திரும்பும்வரை காத்திருக்கும் குழந்தைக்கு ஏக்கம் ஏற்படுவது இயல்பு. அத்தகைய குழந்தைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் இப்படி ஒரு கதையைத் தொடங்கலாம்: பருத்திக் காட்டில் தாய்க் கௌதாரி இரை தேடிப் போயிருக்கிறது. பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. குஞ்சு தனியே இருக்கிறது. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "குஞ்சு என்ன நினைத்திருக்கும்? அதற்கு யார் துணை?" என்று கேட்கவேண்டும். விடைகள் குழந்தைகளிடமிருந்தே வரும். "ஆகவே பொறுமையாக இருக்கவேண்டும்" என்று முடித்துவிட்டால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை

- குழந்தையின் சொந்தத் துயரத்தை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொல்லுமாறு வற்புறுத்தக் கூடாது.
- ஒரு குழந்தையைச் சுட்டிக்காட்டுவதுபோல் கதை அமைக்கக் கூடாது.
- குழந்தை வரைந்த படத்தையோ சொன்ன கதையையோ கொண்டு நோய் இன்னதென்று ஆசிரியர் முடிவுகட்டக் கூடாது.
- வாழ்க்கைக் கதைமுறையைப் பயிற்சி இல்லாதவர் கையாளக் கூடாது. பாதி வழியில் நிறுத்தப்படும் துயரக்கதை குழந்தையை மேலும் வருத்தும்.
- பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பது குழந்தையின் பேச்சில் தெரியவந்தால், போக்சோ சட்டத்தின்படி (2012) காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இரகசியம் காப்பதாக முன்கூட்டியே வாக்களிப்பது தவறு.

உறக்கமின்மை, உணவு மறுப்பு, பேச்சு குறைதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளல் போன்றவை தொடர்ந்தால் கதை மட்டும் போதாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் உதவி பெறலாம். 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. சிறுவர் உதவி எண் 1098. இரண்டும் கட்டணமின்றி, இரவு பகலாக இயங்குபவை.