மறுப்பு வேறு, தடை வேறு

கனடாவில் படிக்க விண்ணப்பிக்கும் படிவத்தில் ஒரு கேள்வி வரும். கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்திருக்கிறதா, உள்ளே விடாமல் திருப்பியிருக்கிறதா, வெளியேறச் சொல்லியிருக்கிறதா? பதிலுக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இந்த இடத்தில் வந்து நின்றுவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அவனுக்கு விசா கிடைக்கவில்லை. கன்சல்டன்சிக்காரர், “அது அமெரிக்கா தம்பி, கனடாக்காரனுக்கு எப்படித் தெரியப் போகுது? இல்லைன்னு போட்டுடு” என்றாராம். பையனுக்கு மனசு ஒப்பவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். “மாமா, எதை டிக் பண்ண?”

கனடாக்காரனுக்குத் தெரியும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விசா விண்ணப்பதாரர்களின் விரல்ரேகையைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு வைத்திருக்கின்றன. சென்னையில் பையன் வைத்த பத்து விரல் ரேகையும் அழிந்து போய்விடவில்லை.

அந்த அமெரிக்க மறுப்பு அப்படி ஒன்றும் பெரிய விஷயமும் இல்லை. படிப்பு முடிந்து ஊர் திரும்புவான் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். 214(பி) என்ற பிரிவில் தினமும் பலருக்கு இப்படி ஆகிறது. அதற்குத் தடை கிடையாது, திரும்பவும் விண்ணப்பிக்கலாம். மறுப்பால் கட்டிய பணம் போகும். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து மாணவர் விசா கட்டணமே 2,000 டாலர். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கதவு திறந்தே இருக்கிறது.

அதே மறுப்பை மறைத்தால் கதை வேறு. கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 40-ஆம் பிரிவு, பொய் சொன்னாலும் முக்கியமான உண்மையை மறைத்தாலும் ஐந்து வருடம் உள்ளே வர முடியாது என்கிறது. முன்பு இது இரண்டு வருடமாக இருந்தது, 2014-இல் ஐந்தாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கும் தவறான தகவலுக்கும் மூன்று வருடம். ஆளே யார் என்பதில் ஏமாற்றினால் பத்து. பிரிட்டனில் வேண்டுமென்றே ஏமாற்றியதாக முடிவு செய்தால் பத்து வருடம். அமெரிக்காவில் ஆயுள் முழுக்க. விலக்கு கேட்கலாம், அது பெரிய அலைச்சல். ஒரு நாட்டில் வாங்கிய தடை அடுத்த நாட்டின் படிவத்திலும் அதே கட்டத்தில் வந்து உட்காரும்.

நான் பார்த்தவரை, தடை வாங்குகிற பொய்களில் பெரும்பாலானவை சொல்லவே தேவையில்லாத பொய்கள். அரியரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் அரியர் எழுதியவனிடம் ஏஜென்ட், “கேப் தெரியக் கூடாது” என்று சொல்லி, எங்கேயோ ஒரு கம்பெனி பெயரில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தருகிறார். விசா அலுவலகத்திலிருந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போனால் போதும். அரியர் எழுதினேன், இந்த மாதம் முடித்தேன் என்று மார்க் ஷீட்டோடு சொன்னால், அதிகம் போனால் விசா மறுப்பார்கள்.

அடுத்தது பணம். பிரிட்டனுக்கு, காட்டுகிற தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்துதான். இதற்காகவே கமிஷனுக்கு ஒரு மாதம் பணம் போட்டு எடுக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஸ்டேட்மென்டையே கணினியில் திருத்திக் கொடுக்கிறவர்களும் உண்டு. அதிகாரி வங்கியில் நேரடியாக விசாரிக்கலாம். அந்தக் கமிஷன் பணத்தைச் செலவழித்து, கல்விக் கடனுக்கு அலைந்து வங்கியின் ஒப்புதல் கடிதம் வாங்குவது எவ்வளவோ மேல். அப்பா நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திர நகலையும் சேர்த்துவிடுங்கள். திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகைக்குக் காரணம் இல்லாமல் இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஆஃபர் லெட்டர் விவகாரம் இன்னும் கொடுமை. 2023-இல் கனடாவில் நம் நாட்டு மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், படிப்பை முடித்து நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் தங்களுடைய பழைய சேர்க்கைக் கடிதம் போலி என்று தெரிந்துகொண்டார்கள். போய் இறங்கியதும் ஏஜென்ட், “அந்தக் காலேஜில் சீட் முடிஞ்சு போச்சு, வேற காலேஜில் சேர்ந்துக்கோ” என்று சொல்லியிருந்தார். நாடு கடத்தல் வரை போய், மாணவர்கள் போராடி, ஒவ்வொருவர் கதையையும் தனியாகப் பார்க்க அரசு குழு அமைத்தது. 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறார்கள். நீங்களும் முன்கூட்டியே கேட்கலாம். கல்லூரியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு, மாணவர் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில்.

இங்கேதான் ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் பெரும்பாலும் அவருடைய மெயில் முகவரிதான் இருக்கும். சந்தேகம் வந்தால் கனடா அதிகாரி உடனே தடை போடுவதில்லை; இன்ன விஷயம் இடிக்கிறது, இத்தனை நாளுக்குள் விளக்கம் கொடு என்று முதலில் கடிதம் அனுப்புவார். அது ஏஜென்ட்டின் மெயிலில் கிடக்கும். அவர் பார்த்தாரா, பார்த்தும் சொல்லவில்லையா, யாருக்குத் தெரியும்? கெடு முடிந்துவிடும். ஏஜென்ட் செய்தது எனக்குத் தெரியாது என்பதைப் பொதுவாக ஏற்கவும் மாட்டார்கள், கையெழுத்து உங்களுடையது. அதனால் மெயிலும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும். அனுப்பிய படிவத்தின் முழு நகலை வாங்கி, ஒரு தடவை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி ஒன்று, இனிஷியல். மார்க் ஷீட்டில் எஸ். கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் செல்வராஜ், பேங்க்கில் கார்த்திக் எஸ். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட் என்றால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யூ, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சாகும். இதில் மோசடி ஒன்றும் இல்லை, ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மூன்று ஆட்கள் போலத் தோன்றும். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி இணைத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்தையும் நிரப்புங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் தடை வரலாம். விசா முடிந்த பிறகு ஆஸ்திரேலியாவில் 28 நாளுக்கு மேல் தங்கினால் மூன்று வருடம். அங்கே மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதை மீறி விசா ரத்தானாலும் தடை உண்டு.

தப்பாக எழுதி அனுப்பியே விட்டீர்களா? அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 1023 என்ற படிவம் இருக்கிறது. கனடாவில் இணையப் படிவம் வழியாக எழுதலாம். தானாகத் திருத்தியதும் மாட்டிக்கொண்டு திருத்தியதும் கோப்பில் ஒன்றாகத் தெரியாது.

பையன் ‘ஆம்’ என்று டிக் செய்தான். கீழே விளக்கம் கேட்ட பெட்டியில் அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தவனிடம் லேப்டாப்பை வாங்கிப் பாதியை அழித்தேன். மிஞ்சியது நாலு வரி: எந்தத் தேதியில், எந்த விசா, எந்தப் பிரிவில் மறுத்தார்கள், அதற்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது. கடைசி வரியில் அவனுடைய கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தின் எண்.