விசுக்கோத்து ஏறி வந்த கப்பல்

பாண் என்னும் ரொட்டியும் அதைச் சுடும் போறணை அடுப்பும் போர்த்துக்கீசியரோடு இலங்கையில் இறங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் கேக் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பிஸ்கட்டைக் கடக்காமல் கேக்குக்குப் போக வழியில்லை.

யாழ்ப்பாணத்தில் அது விசுக்கோத்து. தமிழ்நாட்டில் பழைய தலைமுறைக்கு பிஸ்கோத்து. சிங்களத்திலும் விஸ்கோத்துதான். ஆங்கிலேயர் சொன்ன பிஸ்கட்டை நம் நாக்கு வளைத்துக்கொண்டதாகப் பலர் நினைக்கிறார்கள். காது அதை ஒப்பவில்லை. ஆங்கிலச் சொல்லின் முடிவில் வரும் ‘t’ ஒலி நம்மிடம் பெரும்பாலும் ‘ட்’ ஆகவே மாறும்: டிக்கெட், ரேட், கோட்டு. போர்த்துக்கீசிய ‘t’ ஒலியோ பல்லில் நாக்குப் பட்டு வருவது. அது ‘த்’ ஆகும். ‘சப்பாத்தோ’ நமக்குச் சப்பாத்து (காலணி) ஆனதும், ‘துவால்யா’ துவாய் (துண்டு) ஆனதும் இந்த வழியில்தான். அதே வழியில் வந்தது ‘பிஸ்கோய்த்து’ என்ற போர்த்துக்கீசியச் சொல். நடுவில் நிற்கும் ‘கோ’வுக்கும் ஆங்கிலத்தில் இடமே இல்லை. ஆகவே பிஸ்கோத்து கொச்சையும் அல்ல, சிதைவும் அல்ல. பிஸ்கட்டுக்கு முன்பே நம் கரைக்கு வந்த மூத்த சொல் அது; சாவி, மேசை, அலமாரியோடு சேர்த்து வைக்க வேண்டியது.

இலத்தீனில் அதன் பொருள் ‘இருமுறை சுட்டது’. ஜெர்மானியர் இதே பொருளைத் தங்கள் சொற்களால் கட்டி ‘ட்ஸ்வீபாக்’ என்கிறார்கள். இருமுறை ஏன்? சாதாரண ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர். சில நாளில் பூசணம் பிடித்துவிடும். மறுபடி சூடு காட்டி நீரை விரட்டினால் மாதக்கணக்கில் கெடாது. கப்பல்காரர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினியே, மறுபடி சுட்ட கப்பல் ரொட்டியைக் குறிப்பிடுகிறார். லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் வாலே டி ஸெப்ரோ என்ற இடத்தில் போர்த்துக்கீசிய அரசு கப்பல்களுக்கென்றே பெரிய சூளைகளை வைத்திருந்தது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் பிஸ்கட் அளந்தது. கடலோடிகளின் அன்றாடச் சோறாக இருந்த பொருளின் பெயர் இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

கடற்படை பிஸ்கட்டை ஒரே முறை சுட்டு, பிறகு நாள்கணக்கில் உலர்த்தியதும் உண்டு; பிறகு அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். மதிப்பு உண்டு. பெயர் பிறந்தபோது இருந்த செய்முறையைத்தான் சொல் பிடித்து வைத்திருக்கிறது. அதன் பிறகு செய்முறை மாறியதற்குச் சொல் பொறுப்பில்லை. இன்று கடையில் வாங்கும் பிஸ்கட் மெல்லியது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்தது. ஒரே சூட்டில் நீர் போய்விடுவதால் இரண்டாம் சூடு அதற்குத் தேவையே இல்லை. அப்படியானால் இன்றைக்கும் இருமுறை சுடுவது எதை? டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் ரஸ்க்கை! ரொட்டியாகச் சுட்டு, துண்டு போட்டு, மறுபடி சுட்டு எடுப்பது அதுதான். பிஸ்கட் என்ற பெயருக்கு முழு உரிமை அதற்கே. ஆனால் ரஸ்க் என்ற பெயர் பிறந்ததோ ‘ரோஸ்கா’விலிருந்து; ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் முறுக்கிச் சுற்றிய ரொட்டிக்கு அந்தப் பெயர். முறுக்கு இல்லாதது முறுக்கின் பெயரோடும், ஒருமுறை சுட்டது இருமுறையின் பெயரோடும் ஒரே தட்டில் இருக்கின்றன. இந்த வாரம் முழுவதும் என்னை விடாமல் பிடித்திருந்தது இந்த இடமாற்றம்தான்.

ஸ்பெயினில் நடந்தது இன்னும் பெரிய மாற்றம். அங்கே அதே இருமுறைச் சொல்லான ‘பிஸ்கோச்சோ’, இன்று பஞ்சு போன்ற மெத்தென்ற கேக்கைக் குறிக்கிறது. பல்லை உடைத்த பண்டத்தின் பெயர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? கேக்கை அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம், அடுத்த வாரம்.