துறைமுகம் கிடைத்தது, ஒப்பந்தம் கிழிந்தது

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் திருக்கோணமலையும் ஒன்றென்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கடல் கடந்து வந்தோர் அனைவரும் இதன்மேல் கண் வைத்தனர். 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமான இத்துறைமுகம், 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும், பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியக் கடற்படைத் தளமாகவே நீடித்தது.

ஓர் அரசாங்கம் தனது கொள்கைக்கு மக்களின் ஆதரவைத் திரட்டுவது எங்ஙனம் என்பதை அறிய விரும்பும் மாணவர், இத்துறைமுக நகரின் 1956, 1957ஆம் ஆண்டுகளின் வரலாற்றைப் படித்தல் நன்று. வெற்றி ஒன்று, தோல்வி ஒன்று; இரண்டுக்கும் உரியவர் ஒருவரே.

கேட்டுப் பெற்ற தளம்

அந்நியப் படைத்தளங்கள் நாட்டைவிட்டு அகலவேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுத் தேர்தலிலே எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா மக்கள் முன் வைத்த கொள்கை. வென்று பிரதமரானதும் அவர் இலண்டன் சென்று பிரித்தானியத் தலைவர்களுடன் பேசினார். பகைமை பாராட்டவில்லை, அவர்கள் படிப்படியாக வெளியேற அவகாசமும் அளித்தார். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருக்கோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. மக்களுக்கு முன்னரே சொல்லப்பட்ட காரியமாதலால், அது நாட்டின் வெற்றியாகவே கொள்ளப்பட்டது.

கேளாமற் செய்த ஒப்பந்தம்

அதே திருமலையிலிருந்து மற்றொரு குரலும் எழுந்தது. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி எனும் சட்டம் நிறைவேறிய 1956ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில், தமிழரசுக் கட்சித் தொண்டர்கள் பல ஊர்களிலிருந்தும் கால்நடையாக இந்நகருக்கு யாத்திரை வந்தனர். இங்கு கூடிய மகாநாடு, ஓராண்டுக்குள் கோரிக்கைகள் நிறைவேறாவிடின் சத்தியாக்கிரகம் எனத் தீர்மானித்தது.

தவணை முடியுமுன், 1957 யூலை 26ஆம் திகதி, பண்டாரநாயக்காவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தனர். பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிருவாகம், குடியேற்றத்திற் சபைகளுக்கு அதிகாரம் என்பன அதன் சாரம். செல்வநாயகம் அதற்குத் தமது கட்சியின் ஒப்புதலைப் பெற்றுச் சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டார்.

பண்டாரநாயக்காவின் நிலையோ வேறு. இருபத்துநான்கு மணிநேரத்திற் சிங்களம் என்ற வாக்குறுதியால் வாக்குப் பெற்றவர் அவர். விட்டுக்கொடுத்தலின் அவசியத்தை அவ்வாக்காளர் மனங்கொள்ளுமாறு முன்கூட்டி எடுத்துரைக்கவில்லை. பின்னர் ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசினாரெனினும், அதற்குள் எதிர்ப்பு வேரூன்றிவிட்டது. தளம் கைக்கு வந்த அதே ஒக்டோபரில், ஜே. ஆர். ஜயவர்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டியை நோக்கிப் பாதயாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையில் அது தடுக்கப்பட்டது. ஆயினும் எதிர்ப்பு தணியவில்லை. 1958 ஏப்பிரல் 9ஆம் திகதி பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மறுமாதம் மூண்ட இனக்கலவரத்திற் பல உயிர்கள் மாண்டன. அடுத்த ஆண்டிற் பண்டாரநாயக்காவும் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார்.

நாம் கற்பது யாது?

அந்நியப் படையை அகற்றுவது எவருக்கும் இனிக்கும் செய்தி. உள்ளதை அயலவனுடன் பகிர்ந்துகொள் என்பதோ கசக்கும் செய்தி. இனிய செய்தியைச் சொல்ல எவராலும் இயலும். கசப்பான உண்மையைத் தம்மை நம்பியவரிடமே சென்று, வாக்குக் கேட்குமுன் சொல்பவரே தலைவர். ஒப்பம் இருவர் இட்டால் போதும். அதனைக் காக்க ஊரே வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் வழக்கு.

பிரதேச சபைகளுக்கு அன்று இசையாத நாடு, 1987ஆம் ஆண்டில் மாகாண சபைகளை ஏற்றது. இடையிலே கழிந்தவை முப்பது ஆண்டுகள். அவற்றின் விலையைத் திருமலையின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே கொடுத்தனர்.