டவருக்கு எதிரே ஒரு மனு

மாடிவீடு ஒன்றின் மேல் செல்போன் டவர் எழும்பப் போகிறது என்ற செய்தி பரவிய மாத்திரத்தில், எடப்பாடியைப் போன்ற தறிக்கொட்டகைகள் நெருங்கிய ஊர்களில், தறி ஓட்டுவோரும் தார் சுற்றுவோரும் ஒன்றுகூடி, கதிர்வீச்சினால் பிள்ளைகளுக்கு நோய் வரும் என்று மனு எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவ்வச்சத்தை அறியாமை என்று எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வோரை ஜனங்கள் சந்தேகிப்பது இயல்பே.

சர்க்காரும் வாளாவிருந்துவிடவில்லை. சர்வதேச நிபுணர் குழு வகுத்த பிரமாணத்தை 2008-ல் ஏற்ற மத்திய அரசு, 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அதனைப் பத்தில் ஒன்றாகக் குறுக்கி, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.9 வாட் என்று வரம்பு கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளை 2பி என்னும் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதே பட்டியலில் ஆசிய நாட்டு உப்புக் காய்கறி ஊறுகாயும் இருக்கிறதென்றால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். 2021-ல் 5ஜியை எதிர்த்து நடிகை ஜூஹி சாவ்லா முதலியோர் தொடுத்த வழக்கை டில்லி உயர்நீதிமன்றம் 20 லட்ச ரூபாய் செலவுத்தொகை விதித்துத் தள்ளியது. தொகை பின்னர் 2 லட்சமாயிற்று. மறு ஆண்டு அக்டோபரில் 5ஜி வந்தே விட்டது.

தறிச் சத்தத்தில் எதிரே நிற்பவர் பேச்சே கேளாத கொட்டகையில், நாடாவில் தார் மாற்றியபடியே, தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இறுக்கிக்கொண்டு பேசும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். டவரின் அலை, தூரம் இரு மடங்கானால் நான்கில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். ஆனால் டவர் தொலைவில் இருக்குமாயின், அதனை எட்டும் பொருட்டுப் போன் தன் சக்தியைக் கூட்டுகிறது, அதுவும் அவர் கன்னத்தை ஒட்டியே. டவரைத் தெருவைவிட்டு விரட்டினால் காதருகே அலை கூடும் என்னும் இந்த விசித்திரத்தை மனு எழுதுபவருக்கு எவரும் சொல்வதில்லை.

வரம்பு போதுமானதே என்பது என் அபிப்பிராயம். அளக்கும் கருவிதான் தெருவுக்கு வரக் காணோம். தொலைத்தொடர்புத் துறை 2017 மே மாதம் தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் அருகிலுள்ள டவர் விதிக்கு உட்பட்டதா என்று பார்க்கலாம். நேரில் வந்து அளந்து காட்டச் சொன்னாலோ, அதற்கு 4,000 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். கூலிக்குத் தறி ஓட்டுபவருக்கு அது சிறு தொகையன்று; அதை நீக்குவதே முறை. அதுவரை, மனுவில் கையெழுத்திட முன்வரும் இருபது வீட்டார் தலைக்கு இருநூறு ரூபாய் போட்டு, முதலில் அளக்கச் சொல்லுங்கள். மனுவைப் பிறகு எழுதலாம்.