மலையேறிப் படிக்கச் செல்லும் பிள்ளைகள்

துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்குப் பிரிவு புதிதன்று. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், ஆண்டில் பல மாதங்கள் தந்தையைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு வாழும் இல்லங்கள் உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோரின் இல்லங்களும் உண்டு. அங்கெல்லாம் புறப்பட்டுச் செல்பவர் பெரியவர், காத்திருப்பவர் பிள்ளைகள். பிள்ளை புறப்பட்டுச் செல்ல, பெற்றோர் காத்திருப்பதோ வேறு வகைப் பிரிவு. "மலைமேல் நல்ல பள்ளி இருக்கிறதாம், விடுதியும் உண்டாம், சேர்த்துவிடலாமா?" என்று கோடை விடுமுறையில் நம் பங்குக் குடும்பங்களில் பேச்செழுவதுண்டு. இக்கேள்விக்கு விடை காண, வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

நம் கரையிலிருந்து சென்ற சிறுவர்

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், இந்நாட்டில் பணிபுரிந்த ஐரோப்பியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை இளம் வயதிலேயே கல்விக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பிவந்தன. 1861-இல் இரும்புத் துறைமேடை அமையும்வரை, சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சீறும் அலைகளைக் கடந்து பயணிகளைக் கப்பலில் சேர்ப்பித்தவை மசூலாப் படகுகளே. படகுத் தொழிலில் சிறந்திருந்த இராயபுரத்துக் கத்தோலிக்க மக்கள் எழுப்பியதே, 1829-ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித இராயப்பர் ஆலயம்.

அப்படிக் கப்பலேறிய சிறுவர்க்குப் பெற்றோர் முகத்தை மீண்டும் காண ஆண்டுகள் பல ஆயின. கல்கத்தாவில் 1811-இல் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே, தந்தையை இழந்த மறு ஆண்டே, ஐந்து வயதில், தாயைப் பிரிந்து இங்கிலாந்து சென்றார். அவர் தாயை மறுபடி கண்டது 1820-இல்தான். கல்வி கிடைத்தது, அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலையோ பெரிது.

கொடைக்கானலில் ஒரு மாற்று வழி

இவ்விலையைக் குறைக்க எண்ணியவர்கள் தென்னாட்டில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புவதற்குப் பதிலாக, 1901-ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஹைக்ளார்க் என்னும் விடுதிக் கட்டடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினர். பொறுப்பேற்றவர் மார்கரெட் எடி அம்மையார். இந்தியாவில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பணியாற்றிய ஷெர்வுட் எடியின் தாயார். அன்று சேர்ந்த பிள்ளைகள் ஒரு சிறு வகுப்பளவே இருந்தனர்.

மலைக்குச் செல்வதும் அன்று எளிதன்று. 1875 முதல் அம்மையநாயக்கனூர் வரை இரயில் உண்டு. இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் அதுவே. மோட்டார்ச் சாலை பிறவாத அந்நாளில், மலையடிவாரத்திலிருந்து கால்நடையாகவோ, மட்டக் குதிரையிலோ, கூலியாட்கள் சுமக்கும் டோலியிலோ ஏறவேண்டும். ஆயினும் இது கடலன்று. வெயில் கொடுமைக்கு அஞ்சிப் பெற்றோரே கோடையில் மலைக்கு வந்து தங்குவர். பிள்ளைகளும் நீண்ட விடுமுறைக்குச் சமவெளிக்கு இறங்கி வருவர். பிரிவை அறவே நீக்க முடியாதாயினும் அதனை ஆண்டுக் கணக்கிலிருந்து மாதக் கணக்காகச் சுருக்கலாம் என்பதே அப்பள்ளி கண்ட உண்மை.

1970-களில் அப்பள்ளி கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி எனப் பெயர் பெற்று, இந்தியப் பிள்ளைகளுக்கும் பிற நாட்டினருக்கும் பரவலாகக் கதவைத் திறந்தது. 1976-இல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட அகில உலகப் பட்டயப் படிப்பை இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்றதும் அதுவே. கத்தோலிக்கத் துறவியரும் இத்துறையில் பின்தங்கவில்லை. ஏற்காட்டில் புனித கபிரியேல் சகோதரர்கள் 1917-இல் நிறுவிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இன்றும் விடுதிப் பள்ளியாகத் திகழ்கிறது.

வரவும் செலவும்

விடுதி வாழ்வு தரும் வரவு சிறிதன்று. மணியோசைக்கு எழுந்து, தன் படுக்கையைத் தானே விரித்து மடித்து, தன் துணிக்குத் தானே பொறுப்பேற்கும் பிள்ளை விரைவில் முதிர்ச்சி பெறுகிறது. அடுத்த கட்டிலில் உறங்குபவன் வேறு மொழி பேசுகிறான். வேறு உணவு உண்கிறான். வேறு விதமாய் வழிபடுகிறான். அவனோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வது, எந்தப் பாடநூலும் கற்பிக்காத கல்வி.

செலவையும் கணக்கிட வேண்டாமா? கட்டணத்தைச் சொல்லவில்லை; உள்ளத்தைச் சொல்கிறோம். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கரை ஆராய்ந்த ஜான் யூசீம், ரூத் யூசீம் தம்பதியர், பெற்றோரின் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு மற்றொன்று என இரண்டுக்கும் இடையே வளரும் சிறுவரை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்றனர். "உன் ஊர் எது?" என்னும் எளிய கேள்விக்கு அவர்களால் எளிதில் விடை கூற இயல்வதில்லை. பிரிட்டனின் உளவியல் சிகிச்சையாளர் ஜாய் ஷாவேரியன், சிறு வயதிலேயே விடுதிக்கு அனுப்பப்பட்டோரிடம் தாம் கண்ட துயரத்தை 2011-இல் 'விடுதிப் பள்ளி நோய்க்குறி' என்று பெயரிட்டு எழுதினார். அழுதால் பயனில்லை என்று அறிந்த குழந்தை அழுகையை நிறுத்துகிறது. நிறுத்திய இடத்திலேயே பாசத்தையும் பூட்டிவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நேர்வதில்லை. ஆயினும், "என் பிள்ளை அழவேயில்லை, நன்றாகப் பழகிவிட்டது" என்று மகிழும் பெற்றோர் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். அது தேறுதலா, அல்லது சொல்லிப் பயனில்லை என்னும் மௌனமா?

பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது, வயது. தன் வருத்தத்தைத் தானே எடுத்துச் சொல்லத் தெரியாத வயதில் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது நன்றன்று.

இரண்டாவது, காரணம். பிள்ளையின் நலனுக்காக அனுப்புகிறோமா, அண்டை வீட்டார் மதிக்க வேண்டும் என்பதற்காகவா, வீட்டுச் சச்சரவிலிருந்து அகற்றுவதற்காகவா? காரணத்தை நாம் கூறாவிடினும் பிள்ளை கண்டுகொள்ளும். தான் அனுப்பப்பட்டேன் என்று எண்ணும் பிள்ளை வேறு. தள்ளப்பட்டேன் என்று எண்ணும் பிள்ளை வேறு.

மூன்றாவது, தொடர்பு. கைப்பேசி வந்துவிட்ட இக்காலத்தில் பேசுவது எளிது, கேட்பதுதான் அரிது. "எத்தனை மதிப்பெண்?" என்பது முதற் கேள்வியாயின், மறுமொழி மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். "இன்று யாருடன் அமர்ந்து உண்டாய்?" என்று கேட்டால் பிள்ளையின் நாள் முழுவதும் நமக்குத் தெரியவரும். வாரம் ஒரு கடிதமும் எழுதலாம். பேச்சு மறைந்துவிடும், தாயின் கையெழுத்து தலையணைக்கடியில் இருக்கும்.

நான்காவது, காவல். விடுதிப் பொறுப்பாளர் யார், இரவில் யார் உடனிருப்பர், நோயுற்றால் யார் கவனிப்பர் என்பவற்றை நேரில் சென்று கேட்டறிய வேண்டும். எவரேனும் தீங்கிழைத்தால் அஞ்சாமல் சொல்லும் உரிமை தனக்குண்டு என்பதும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதி நடத்துவோர்க்கும் ஒரு சொல். ஆதரவற்ற சிறுவருக்காக வாழ்ந்த புனித தொன் போஸ்கோ, 1884 மே 10-ஆம் நாள் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு விடுத்த மடலில், இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒழுங்குமுறை ஒரு விடுதியை நடத்தும். அன்பே அதனை இல்லமாக்கும்.

ஆகவே அன்பர்களே, அனுப்புவதா வேண்டாமா என்பதை அவரவர் குடும்பமே ஆய்ந்து முடிவு செய்யட்டும். அனுப்பத் துணிந்தால், விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கென்று ஓர் இடம் எப்போதும் இருக்கட்டும்: அதன் தட்டு, அதன் பாய், குடும்பச் செபமாலையில் அதன் பத்து மணி. திரும்பி வர ஓர் இடம் உண்டு என்று அறிந்த பிள்ளை, எத்தொலைவிலும் திடமாக வாழும்.